பரனூரைத் தாண்டியபின் என்ன கேட்பது?

சித்திரைக் கடைசியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடை நடக்கும். அதற்காக ஆண்டுதோறும் தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டிலிருந்து அம்பாசமுத்திரத்திற்குப் பக்கத்திலுள்ள ஊர்வரை, 600 கிலோமீட்டருக்கு மேல், காரிலேயே போய் வருகிறோம். கோடை விடுமுறையில் நெல்லை ரயில்களில் ஐந்து பேருக்கும் ஒரே பெட்டியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படியே கிடைத்தாலும், என் மாமியார் ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களும் அங்கிருந்து திரும்பக் கொண்டுவரும் சாமான்களும் எந்த ரயில் பெட்டியிலும் அடங்கா. ஓட்டுவது என் கணவர். பக்கத்து இருக்கையில் நான். பின்னால் இடப்புறச் சன்னலோரம் அத்தை, வலப்புறச் சன்னலோரம் 13 வயது மகன், இருவருக்கும் நடுவில் 7 வயது மகள். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்துவதையும் சேர்த்தால் 11 மணி நேரம் ஆகும். அந்த 11 மணி நேரத்தில் ஐவரும் சேர்ந்து எதைக் கேட்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பு, யாரும் ஒப்படைக்காமலேயே, மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தலையில் வந்து விழுந்தது.

அதற்கு முன்பு எங்கள் காரில் கேட்பது என்ற பேச்சே இல்லை. பிள்ளைகள் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. அதில் ஏதோ ஓடும். மேல்மருவத்தூரைத் தாண்டுவதற்குள் மகன் வாந்தி எடுப்பான். கண் பார்க்கும் திரை அசையாமல் இருக்க, உள்காதோ வண்டியின் ஒவ்வொரு திருப்பத்தையும் குலுக்கலையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. காதால் கேட்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அவன் கண் சன்னலுக்கு வெளியே ஓடும் புளியமரத்தின் மேல் இருக்கலாம். டேப்லெட்டை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பியதற்கு ஒழுக்கமோ வளர்ப்பு முறையோ காரணமில்லை. இருக்கை விரிப்பைத் துவைத்துத் துவைத்து அலுத்ததுதான் காரணம்.

பாட்டுப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தோம். பாட்டு ஐந்து பேரை ஐந்து கட்சியாகப் பிரிக்கும். மகன் கேட்பது அவன் அப்பாவுக்கு இரைச்சல்; அவர் கேட்பது அவனுக்குத் தாலாட்டு. நாங்கள் கல்லூரியில் படித்த நாள்களில் இந்தச் சண்டையை வானொலி தீர்த்துவைத்தது, ஏனெனில் எது வருமோ அதுதான் வரும். தெற்கே போகப் போகச் சென்னை நிலையங்கள் கரகரத்து மறையும். திருச்சியை நெருங்கும்போது 102.1 தெளியும், அதையும் தாண்டினால் கொடைக்கானல் பண்பலை 100.5 கைகொடுக்கும். பண்பலை அலை நேர்க்கோட்டில் போவது. மலையுச்சியில் நிற்கும் கோபுரத்திற்குக் கீழே உள்ள சமவெளி முழுவதும் கண்ணுக்கெட்டிய தூரம் என்பதால் அந்த ஒரு நிலையம் அத்தனை மாவட்டங்களுக்கும் கேட்டது. இப்போதும் கேட்கிறது. ஆனால் விரும்பியதை விரும்பிய நேரத்தில் கேட்டுப் பழகிவிட்ட பிள்ளைகளை, வருவதைக் கேள் என்று உட்காரவைப்பது எளிதன்று.

அப்படித்தான் பாட்காஸ்ட் எங்கள் காருக்குள் வந்தது. ஐபாட் என்பதில் பாதியையும் பிராட்காஸ்ட் என்பதில் பாதியையும் ஒட்டவைத்த இந்தச் சொல்லைப் பென் ஹேமர்ஸ்லி என்ற செய்தியாளர் 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் பயன்படுத்தினார். தமிழில் வலையொலி என்கிறோம். அத்தையின் காதில் அது வேறொன்றாக விழுந்தது. விழுப்புரத்தில் சிற்றுண்டி முடித்துக் கிளம்பிய அரை மணி நேரத்தில், “ஏம்மா, பாட்டு கேசட்டு பாட்டு கேசட்டுன்னு சொன்னியே, இன்னும் ஒரு பாட்டையும் காணோமே?” என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பாட்டு கேசட் என்றே பெயர்.

முதல் ஆண்டு நான் தேர்ந்தெடுத்தது சிறுவர்களுக்கான ஓர் அமெரிக்க அறிவியல் நிகழ்ச்சி. எல்லோரும் புகழ்கிறார்கள் என்ற ஒரே காரணத்திற்காக, ஒரு பகுதியைக்கூட முழுதாகக் கேட்டுப் பார்க்காமல், பன்னிரண்டு பகுதிகளைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஒரு வெடிச்சத்தம், ஒரு குதிரைக் கனைப்பு, ஒரு கைதட்டல். பேஸ்பாலையும் நன்றியறிதல் நாள் வான்கோழியையும் வைத்துச் சொன்ன வேடிக்கைகள் மகனுக்கே பாதிதான் புரிந்தன. அப்போது நான்கு வயதாக இருந்த மகளுக்கு ஆங்கிலம் அத்தனை வேகத்தில் ஓடினால் அது மொழியே அன்று, மழைச்சத்தம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தோம். பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்பது உளுந்தூர்ப்பேட்டையில் தெரிந்தது. “எய்யா, அந்தச் சவத்தைக் கொஞ்சம் நிப்பாட்டு, தலைக்குள்ள செங்கல் சூளை எரியுது” என்றார். அந்தச் சுற்று அத்துடன் முடிந்தது.

அடுத்த ஆண்டு தேர்வைக் கணவரிடம் விட்டேன். அவர் தமிழில் ஒரு குற்றத்தொடரைக் கொண்டுவந்தார். விறுவிறுப்பாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். பெரம்பலூர் அருகே பின்னாலிருந்து மெல்லிய குரலில், “அம்மா, கழுத்தை நெரிக்கிறதுன்னா எப்படி?” என்று ஐந்து வயது மகள் கேட்டபோதுதான் காரில் அவளும் இருக்கிறாள் என்ற நினைப்பு எங்கள் இருவருக்கும் வந்தது. குற்றத்தொடர்களைப் பற்றி எனக்கு வேறொரு குறையும் உண்டு. அவை கேட்பவரை வாய் திறக்க விடுவதில்லை. யாராவது தண்ணீர் கேட்டால்கூட மற்றவர்கள் ‘ஸ்ஸ்’ என்கிறார்கள். ஐந்து பேர் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் அதட்டி அடக்குவதற்கு 600 கிலோமீட்டர் போக வேண்டுமா? அரசியல் விவாதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை கணவரின் தம்பியும் உடன் வந்தார், துவரங்குறிச்சியிலிருந்து மேலூர்வரை காருக்குள் ஒலித்த விவாதம் ஸ்பீக்கரிலிருந்து வந்ததன்று.

வழி தெரிந்தது அந்த இரண்டாம் ஆண்டின் திரும்பும் பயணத்தில், தற்செயலாக. சாத்தூர் அருகே, குற்றத்தொடரும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் கார் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தபோது, அத்தைக்காக என்று தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். 2009-இல் மறைந்த அவர் அகில இந்திய வானொலியில் காலைவேளைகளில் பேசிய சில நிமிடப் பேச்சுகள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பாட்காஸ்ட் என்ற சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் இலக்கணம் முழுவதும் அவரிடம் இருந்தது: ஒரே குரல், அவசரமில்லாத பேச்சு, ஒரு சேதி, அதற்கொரு குட்டிக் கதை, கடைசியில் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்வதுபோல் ஒரு நகைச்சுவை. அந்த நகைச்சுவை முடிந்ததும் அத்தை சிரித்துவிட்டு, “இதே மாதிரி உங்க தாத்தா ஒருமுறை கல்லிடைக்குறிச்சி சந்தையில…” என்று தொடங்கினார். நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அவர் கதை பன்னிரண்டு நிமிடம் ஓடியது. பிறகு அடுத்த தகவல். அதற்கு மகனிடம் ஒரு கேள்வி இருந்தது. மறுபடி நிறுத்தினேன்.

அன்று எனக்குப் பட்டது இதுதான். பயணத்தில் குடும்பத்தோடு கேட்பதற்கு எந்த நிகழ்ச்சி நல்லது என்பதை, எவ்வளவு நேரம் இடைவிடாமல் கேட்டோம் என்பதைக்கொண்டு அளக்கக் கூடாது. எத்தனை முறை நிறுத்தினோம் என்பதைக்கொண்டு அளக்க வேண்டும். தனியாகக் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு நிறுத்தத் தோன்றாத நிகழ்ச்சி உயர்ந்ததாக இருக்கலாம். காரில் அது நேர்மாறு. அதனால் ஒரு சிறிய நோட்டுப் போட்டேன். நிகழ்ச்சியின் பெயர், அதன் நீளம், நிறுத்திய எண்ணிக்கை. விழுப்புரத்தில் தொடங்கிய 23 நிமிடப் பகுதி ஒன்று உளுந்தூர்ப்பேட்டையிலும் முடியாமல் இருந்தது. நோட்டில் அதற்கு நேரே ஒன்பது என்று இருக்கிறது. இதுவரை அதுதான் முதலிடம்.

அந்த ஒன்பதைப் பெற்றது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலப் பொது வானொலி 2016 முதல் நடத்திவரும் ‘பட் வை’ என்ற நிகழ்ச்சி. முதல் ஆண்டு பட்ட அடிக்குப் பிறகு இன்னொரு அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியைத் தொட எனக்குத் துணிவில்லைதான். ஆனால் இதன் அமைப்பு வேறு. கேள்விகளைக் குழந்தைகளே அனுப்புகிறார்கள். ஒரு குழந்தை தன் பெயரையும் வயதையும் ஊரையும் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கும், பிறகு நிகழ்ச்சியை நடத்தும் ஜேன் லிண்ட்ஹோம் அதற்கு விடை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுவார். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு கணம்தான் எங்களுக்கு வேண்டியது. கேள்வி முடிந்ததும் நிறுத்திவிடுவேன். மகன் அதை ஆச்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும், ஐவரும் தத்தம் விடையைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே மேலே போகலாம் என்பது எங்கள் சட்டம். மொழிபெயர்ப்பதில்தான் பாதிக் கூத்து. ஒருமுறை அவன் பாடப்புத்தகத் தமிழில், “பூமிக்கு ஈர்ப்பு விசை இருக்குல்லா ஆச்சி” என்று தொடங்க, அவர், “ஈர்ப்பா? எனக்கு ஈர்க்கு தெரியும், ஈக்கமாறு தெரியும், இது என்னல புதுசா?” என்றார். ஈர்ப்பு விசையை விளக்க அவன் எதை எதையோ எடுத்துப் பேச, கடைசியில் விளங்கவைத்தது அத்தை கையிலிருந்து நழுவிய வெற்றிலைச் சுருக்குப்பைதான்.

ஆங்கில நிகழ்ச்சி இப்படி நடுவில் ஆள் வைத்துச் சொல்லும் அளவுக்கு மெதுவாக இருந்தால் மட்டும் எடுக்கிறேன், அதுவும் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாமல். மற்றப் பாதி தமிழ். தமிழில் கதைகளைப் படித்துத் தரும் நிகழ்ச்சிகளில் தீபிகா அருணின் ‘கதை ஓசை’ எங்களுக்கு ஒத்துவருகிறது. நிறுத்தி நிதானமாக, லகர ளகரங்களைத் தின்றுவிடாமல் படிக்கிறார். சிறுவர்களுக்கென்றே தமிழில் வருபவற்றில் பலவற்றை நான் ஒதுக்கிவிடுகிறேன். பெரியவர்கள் குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. என் மகளுக்குப் பிடிப்பதில்லை. கதை முடிந்து, ‘ஆகவே குழந்தைகளே’ என்று குரல் கனியத் தொடங்கியதும், “அம்மா, நீதி வருது, மாத்து” என்பாள்.

இருவர் பேசும் நிகழ்ச்சியா, ஒருவர் பேசும் நிகழ்ச்சியா என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது கொடையில்தான். இரவு முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். புலவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’ வெறும் தலையாட்டல் அன்று. கேட்பவர்கள் எங்கே தடுமாறுவார்களோ அங்கே அவர், “அதெப்படி அண்ணாச்சி, இப்பத்தானே அவன் செத்துட்டான்னு சொன்னீரு?” என்று நமக்காக ஒரு கேள்வி கேட்பார். புலவர் திரும்பி வந்து விளக்கிவிட்டுப் போவார். உடுக்கையும் குடமும் இல்லாவிட்டாலும் நல்ல இருகுரல் நிகழ்ச்சி இதைத்தான் செய்கிறது. இரண்டாமவருக்கு ‘ஆமா’ போடத் தெரிகிறதா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். அவர் கேட்பவர் பக்கம் உட்கார்ந்திருந்தால் நிகழ்ச்சி பிழைக்கும். இருவரும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு, தங்கள் பழைய பகுதிகளைப் பற்றியும் தங்கள் நண்பர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால், அடுத்த மேசைக்காரர்களின் பேச்சை ஓட்டலில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது போலிருக்கும்.

வீட்டில் நன்றாக ஒலிப்பது காரிலும் நன்றாக ஒலிக்கும் என்று நம்பி நான் ஏமாந்ததுண்டு. டயரும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பது. ஒலிவாங்கிக்கு அருகில் வாயை வைத்து அடித்தொண்டையில் முணுமுணுப்பவரின் குரலும் அதே சுருதியில்தான் இருக்கிறது. எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். நள்ளிரவுப் பேய்க்கதைகளும் ‘மனம்விட்டுப் பேசுவோம்’ வகையறாவும் இப்படித்தான் எங்கள் காரில் காணாமல் போயின. நாடகமாக நடிக்கப்படும் கதைகளில் இன்னொரு தொல்லை உண்டு. காதலி கிசுகிசுப்பாள், கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடி இடி இடிக்கும், ஓட்டுகிறவர் திடுக்கிடுவார். ஒரு நிகழ்ச்சிக்கும் மற்றொன்றுக்கும் ஒலியளவு ஒத்துப்போவதும் இல்லை. ஒலியின் உரப்பை அளக்கும் எல்யுஎஃப்எஸ் என்ற அலகில் −16 என்ற சராசரி அளவை ஆப்பிள் நிறுவனம் பரிந்துரைக்கிறது, பெரிய நிறுவனங்களின் நிகழ்ச்சிகள் அதையொட்டி வருகின்றன; வீட்டு அறையில் பதிவுசெய்யப்படும் நம் நிகழ்ச்சிகள் பல அதைவிடத் தாழ்வாகவே ஒலிக்கின்றன. ஆகவே தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றையும் பயணத்திற்கு முந்தைய வாரம் காய்கறி வாங்கப் போகும்போது காரிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். பின்னிருக்கையில் ஆள் இல்லாதபோது அங்கே கேட்கிறதா என்று எப்படித் தெரியும்? சேலையூர் சந்தைக்கு மகளையும் கூட்டிப்போகிறேன். ஒரு ஐஸ்கிரீம் செலவு.

முழுதாகக் கேட்டுப் பார்ப்பது என்பதில் எனக்கு இப்போது சமரசம் இல்லை. காலை நடையின்போது ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் சித்திரை பிறப்பதற்குள் பத்துப் பதினைந்து தேறிவிடும். 11 மணி நேரத்திற்கு அவ்வளவு போதுமா என்றால், போதும். நிறுத்திப் பேசும் நேரமும் தூக்கமும் சாப்பாடும் போக நாலரை மணி நேரத்திற்கு மேல் எந்தப் பயணத்திலும் நாங்கள் கேட்டதில்லை. ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடத்திற்குள் இருந்தால் நல்லது. பரனூரிலிருந்து ஆத்தூர், ஆத்தூரிலிருந்து விக்கிரவாண்டி என்று ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு சுங்கச்சாவடி வருகிறது. பிள்ளைகள் தூரத்தைச் சுங்கச்சாவடிக் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரு சாவடிக்கும் மறு சாவடிக்கும் நடுவில் ஒரு கதை முடிந்துவிட்டால் அவர்களுக்கு ஏதோ சாதித்த திருப்தி.

ஆனால் கேட்டுப் பார்த்தும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். விண்மீன்களைப் பற்றிய அருமையான ஒரு பகுதி. நான் கேட்டபோது அதில் மாசு மருவில்லை. காரில் ஓடும்போது நடுவில் சூதாட்டச் செயலி ஒன்றின் விளம்பரம் வந்து, குறைந்த முதலீட்டில் கோடீசுவரராவது எப்படி என்று என் மகனுக்குப் பாடம் நடத்தியது. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: பல நிகழ்ச்சிகளில் விளம்பரம் ஒலிப்பதிவோடு சேர்ந்தே இருப்பதில்லை, நாம் பதிவிறக்கும் நேரத்தில், நாம் இருக்கும் இடத்தைப் பார்த்து, அந்த நொடியில் சேர்க்கப்படுகிறது. போன வாரம் நான் கேட்டதும் இன்று மறுபடி இறக்கியதும் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள். அதனால் எதைக் கேட்டுச் சரிபார்த்தேனோ அந்தக் கோப்பையே அழிக்காமல் வைத்திருந்து காரில் போடுகிறேன். வழியில் இணையத்தை நம்பாமலிருப்பதற்கும் அதுவே வழி. இடமும் அதிகம் கேட்காது. 64 கிலோபிட் வேகத்தில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு 29 மெகாபைட்தான் ஆகிறது. யூடியூபில் மட்டுமே இருப்பவை வேறு கதை. கட்டணச் சந்தா இல்லையென்றால் திரையை அணைத்ததும் குரலும் அணைந்துவிடும்.

எல்லாவற்றையும் என் பழைய கைபேசியில், சிம் அட்டை இல்லாமல், ஏற்றிவைத்திருக்கிறேன். ஏன் சிம் இல்லாமல் என்றால், ஒருமுறை ஈர்ப்பான கட்டத்தில் அழைப்பு வந்து, ஊரிலிருந்து பெரியத்தையின் குரல் கார் முழுக்க ஒலித்தது. “கிளம்பிட்டியளா? உங்க மாமியா இந்தத் தடவையும் அந்த ஓட்டைப் பித்தளைப் பானையைத் தூக்கிட்டு வாராளா?” பானை அத்தையின் காலடியில்தான் இருந்தது. திருமங்கலம்வரை யாரும் பேசவில்லை.

எதை எப்போது போடுவது என்பதும் தேர்வில் சேர்ந்ததே. விடியுமுன் நாலரை மணிக்குக் கிளம்புகிறோம். விழுப்புரத்தில் காலைச் சிற்றுண்டி முடியும்வரை எதுவும் போடுவதில்லை, பிள்ளைகள் தூங்கட்டும். நீளமான கதைக்கு உகந்த நேரம் காலை எட்டிலிருந்து பதினொன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விராலிமலையிலிருந்து மதுரைவரை, வெயில் தார்ச்சாலையில் நெளியும் நேரத்தில், கதையைத் தொடவே மாட்டேன். முதல் ஆண்டு நான் அறியாமல் செய்த பிழைகளில் நினைத்தால் இன்றும் நடுங்கவைப்பது இது ஒன்றுதான்: பிள்ளைகள் அமைதியாக இருக்கட்டும் என்று மென்மையான குரலில் ஒரு தேவதைக் கதை போட்டேன், பிள்ளைகள் தூங்கினார்கள், அத்தை தூங்கினார், நான் தூங்கினேன், கொட்டாம்பட்டிக்கு அருகில் கார் சாலையோரத்துச் சரளையில் இறங்கிய சத்தத்தில் விழித்தேன். கணவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தேநீர்க்கடை முன் நிறுத்தி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். ஓட்டுகிறவரை வாய் திறந்து பேசவைக்கும் நிகழ்ச்சி மட்டுமே அந்த நேரத்திற்கு. புதிர், விடுகதை, வினாடி வினா, பட்டிமன்றம் எதுவாயினும் சரி. வேண்டாம் என்று அவர் சொன்னால் எந்தப் பகுதியையும் பாதியில் நிறுத்திவிடுவேன். மழையிலும் திருச்சிப் புறவழிச்சாலை நெரிசலிலும் காரில் ஒலிப்பது முகப்புத் துடைப்பானின் சத்தம் மட்டும்தான்.

இந்த ஆண்டு அந்த மதிய வேளைக்கு ‘பிரெய்ன்ஸ் ஆன்’ என்ற அறிவியல் நிகழ்ச்சியை வைத்திருந்தேன். 2012-இல் தொடங்கிய நிகழ்ச்சி. அதில் ஒவ்வொரு பகுதியிலும் நடுவே ஒரு மர்ம ஒலியைப் போட்டு, என்ன ஒலி என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து விடை வரும். இதற்கு ஆங்கிலமும் வேண்டாம், வயதும் வேண்டாம். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் ஒலிக்கு, “தயிர் கடையுதாங்க” என்றார். இல்லை. இரண்டாவதற்கு, “பனையோலையைக் கிழிக்கான்” என்றார். அதுவும் இல்லை. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றும் எங்களில் யாருக்கும் தோன்றாதது. மகள் பனையோலை கிழிபடும் சத்தத்தை அதுவரை கேட்டதே இல்லை. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கிழித்துக் காட்டச் சொன்னாள்.

ஊரில் இருந்த ஐந்து நாளும் மகன் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்தான். திரும்பும் பயணத்தில் கயத்தாற்றைத் தாண்டியதும் அவனே சேகரித்த மர்ம ஒலிகளை வரிசையாகப் போட்டான். தொழுவத்துக் கதவின் நாதாங்கி, அடிகுழாய், மச்சுப்படியில் யாரோ இறங்குவது, வெற்றிலை இடிக்கும் சின்ன உரல், கோயில் வாசலில் தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டிப் பெருக்குவது. அமெரிக்க ஒலிகளில் தோற்ற அத்தை இங்கே ஒன்றையும் விடவில்லை. மச்சுப்படியில் இறங்கியது யார் என்றுகூடச் சொன்னார், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பதிலிருந்து.

பதினோராவது ஒலி வந்தது. நீண்டு இழுத்து, நடுவில் ஒருமுறை சிக்கி, மீண்டும் தொடங்கும் ஒரு கரகரப்பு. கணவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். மகள் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். அத்தை காதைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

“இது நம்ம ஊரு ரைஸ்மில்லுலா. பெல்ட்டு லூசாயிருக்கு, அதான் நடுவுல சிக்குது.”

“இல்ல ஆச்சி.”

“பிறவு என்னது? நல்லாப் பழகின சத்தமாத்தான் இருக்கு. மதியம் நான் திண்ணையில படுத்திருக்கும்போதுதானே பிடிச்ச?”

“ஆமா ஆச்சி.”

“அப்போ எனக்குக் கேக்காம இருக்குமா. இன்னொரு தடவை போடு.”

மகன் போட்டான்.